கேட்காமல் போட்ட கையெழுத்து

காலையில் அவர் செருப்புக்குள் காலை நுழைக்கப் பெரும்பாடு பட்டார். நேற்றுவரை தானாக ஏறிய செருப்பு இன்று ஏறவில்லை. குனிந்து வாரை இழுத்துவிட்டார். நிமிரும்போது மூச்சு வாங்கியது. யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார்.

மனைவி சமையலறை வாசலில் டீத் தம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"கால் வீங்கியிருக்குங்க…" என்றாள்.

அவர் கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். அவள் நீட்டிய டீ நீட்டியபடியே இருந்தது. மாமியார் எழுந்து வந்து அவள் கையிலிருந்து தம்ளரை வாங்கி மகனிடம் கொடுத்தாள். அப்புறம்தான் அவர் வாய் வைத்தார்.

அந்த வீட்டில் இது பழகிப்போன விஷயம். மழைக்காலம் முடிந்து வெயிலே வந்துவிட்டது. இதுவரை அவர் மனைவியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் தாயிடம் சொல்வார், மனைவி கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றாலும்.

"அம்மா, இன்னிக்கு வர லேட்டாகும்னு சொல்லிடு."

"லேட்டாகுமாம்," என்று மாமியார் அவளிடம் திருப்பிச் சொன்னாள், ஏதோ அவளுக்குக் காது மந்தம் போல.

"அத்தை, ராத்திரி மூணு தலையணை வச்சுப் படுத்தாரு. தாழப் படுத்தா மூச்சு முட்டுது. டாக்டரம்மா சொன்ன அடையாளமெல்லாம் ஒண்ணொண்ணா வருது. இன்னிக்கே ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்…"

"காலங்காத்தால ஆரம்பிச்சுட்டியா? வாயைத் திறந்தா வீக்கம், மூச்சு, ஆஸ்பத்திரி… நல்ல வார்த்தை ஒண்ணே ஒண்ணு வராதா உனக்கு? அவன் பாட்டுக்குப் பேப்பர் படிச்சுட்டு இருக்கான். நீயே கூப்பிட்டுக் கூப்பிட்டு வியாதியை வர வெப்ப போல இருக்கு."

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். வாசற்படியில் ஒரு காலை வைத்தவர், மறு காலை எடுத்து வைப்பதற்குள் ஒரு கணம் தயங்கி, இடது மார்பின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். பிறகு கையை எடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் வெல்டர். இரும்புக் கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி என்று அந்த வட்டாரத்தில் பாதி வீடுகள் அவர் கைபட்டவை. அப்பாவை இழந்த வீட்டை அந்த வேலையால்தான் தூக்கி நிறுத்தினார். தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொந்தப் பட்டறை போட்டார். மகளைக் கட்டிக் கொடுத்தார். போன மழைக்காலத்துக்கு முன்னால் நெஞ்சு வலித்தபோது வாயுக்கோளாறு என்று சோடாவைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனார். அது மாரடைப்பு என்று தெரிவதற்குள் இதயத்தில் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது. கொஞ்ச நாளில் மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. அப்புறம் நடந்தாலே வாங்கியது. கடைசியில் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று.

அங்கே படுத்திருந்தபோது ஒரு நாள் மாலை அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "என்ன வேணா பண்ணட்டும். தொழில்ல மட்டும் கை வைக்க விட்றாத. அந்த வெல்டிங் மாஸ்க்கைக் கழட்டிட்டா நான் யாரு, சொல்லு?"

அவள் சரியென்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைத்தான் அவளால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

மறுநாள் காலை, தலையணை உறை அழுக்காக இருக்கிறது என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் பாதி வார்த்தையில் நின்றுவிட்டார். கண் மேலே செருகியது. கட்டிலருகே இதயத் துடிப்பைக் காட்டும் கருவியின் திரையில், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கோடு கிறுக்கலாகிப் போயிற்று. நர்சுகள் ஓடி வந்தார்கள். அவளை வெளியே தள்ளினார்கள். நெஞ்சில் மின்சாரம் வைத்து எழுப்பி, மூச்சுக்குக் குழாய் போட்டு, மயக்கத்திலேயே வைத்தார்கள். மதியத்துக்குள் இரண்டாம் முறையும் அப்படியே ஆயிற்று.

டாக்டரம்மா அவளை உட்கார வைத்து நிதானமாகத்தான் சொன்னாள்.

"மாரடைப்புல செத்த இடம் தழும்பாயிடுச்சும்மா. மிச்சத் தசை எல்லா வேலையும் இழுத்துப் பாத்து, தொளதொளன்னு பெருசாயிடுச்சு. இந்த மாதிரி பலம் போன இதயத்துல, துடிக்க வைக்கிற மின்சாரம் நேர் வழியில போகாது. தழும்பைச் சுத்திச் சுத்தி வரும். அப்போ இதயம் துடிக்காது, வெறுமனே நடுங்கும். ரத்தம் மூளைக்குப் போகாது. இன்னிக்கு எங்க கண்ணு முன்னாடி நடந்ததால பிழைச்சாரு. அடுத்தது பஸ்ஸுல வரலாம், பாத்ரூம்ல வரலாம்."

"மாத்திரையில அடங்காதா டாக்டர்?"

"குறையும். ஆனா மாத்திரையை மட்டும் நம்பி இவரை வெளியே அனுப்ப எனக்குத் தைரியம் இல்ல. நெஞ்சுல காறை எலும்புக்குக் கீழ சின்னப் பெட்டி ஒண்ணு வச்சிடலாம். துடிப்பு கெட்டுப் போனா அதுவே அதிர்ச்சி குடுத்துத் திருப்பிக் கொண்டாந்துடும்." டாக்டரம்மா கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா வெல்டிங் வேலையை விட்டுடணும். அவ்வளவு கரண்ட் பக்கத்துல இருந்தா பெட்டி குழம்பும். தேவையில்லாம அடிக்கும். இல்லன்னா, தேவைப்படற நேரத்துல சும்மா இருந்துடும்."

மாமியார் துணி மாற்ற வீட்டுக்குப் போயிருந்தாள். கொழுந்தன் கேட் இறக்க எங்கேயோ போயிருந்தான், போன் எடுக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் குழாயோடு கிடந்தார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

நினைவு திரும்பியதும் அவர் கை முதலில் போனது தோளுக்குக் கீழே பெட்டி புடைத்திருந்த மேட்டின் மேல்தான். விஷயத்தைக் கேட்டார். அவளை ஏறிட்டுப் பார்த்தார். "யாரைக் கேட்டுப் போட்டே?" அதோடு சரி.

மாமியாரும் அதையேதான் கேட்டாள். "பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?" அந்தப் பெட்டியும் அதற்கப்புறம் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. "சும்மா கெடக்கற தகரத்துக்காக எம்புள்ள கையைக் கட்டிப் போட்டுட்டா," என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் எதற்கும் பதில் பேசவில்லை. வெறுக்கட்டும், வெறுப்பதற்காவது மனிதர் உயிரோடு இருக்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, உப்புக் குறைத்துச் சமைத்து, மாத்திரைகளை வேளை தவறாமல் மாமியார் கையில் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தாள்.

அன்று அவர் கிளம்பிப் போன பிறகு துணி துவைக்க உட்கார்ந்தாள். அவர் சட்டையின் முழங்கைப் பக்கத்தில் ஊசி முனை அளவுக்குப் பொத்தல்கள். விளிம்பெல்லாம் கருகியிருந்தது. இருபத்தைந்து வருஷமாக அவர் சட்டைகளில் பார்த்த பொத்தல்தான். மேற்பார்வைக்கு மட்டும் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர் சட்டையில் அது எப்படி வரும்? அழுக்குத் தண்ணீரைக் கொட்டினாள். தண்ணீர் இறங்காமல் தேங்கியது. துவாரத்து மூடியைத் தூக்கினால், பாதி கரைந்து கூழாகிப்போன வெள்ளை மாத்திரைகள். உடம்பில் நீர் சேராமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரைகள்.

ஈரக் கையோடு பட்டறைக்குப் போனாள்.

வாசலில் நின்றே பார்த்துவிட்டாள். அவர் குந்தியிருந்தார். முகத்தில் மாஸ்க். நீல வெளிச்சம் இரண்டு முறை பளிச்சிட்டு அடங்கியது. மாஸ்க்கைத் தலைக்கு மேலே தள்ளிவிட்டு, பற்றவைத்த இணைப்பைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற தம்பியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலமாயிற்று… கூப்பிட வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கொழுந்தன் அவளைக் கண்டுவிட்டு அவசரமாக வெளியே வந்தான்.

"அண்ணி… ரெண்டே ரெண்டு டாக்குதான், சின்னப் புள்ளியா பத்த வச்சாரு. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

"மாத்திரையைக் கொட்டறாரு தம்பி. உங்களுக்குத் தெரியுமா?"

அவன் தலையைக் குனிந்தான். "அது போட்டா நிமிஷத்துக்கு ஒரு தடவை பாத்ரூம் ஓட வேண்டியிருக்குன்னாரு… வேலையாளுங்க முன்னாடி கூச்சமா இருக்குதாம். அண்ணி, அந்த மாஸ்க்கைப் போட்டா அவரு முகம் எப்படி மாறுதுன்னு பாத்தீங்கல்ல? நான் எப்படிப் புடுங்கறது?"

"நான் புடுங்கினேனே," என்றாள் அவள். "ஒருத்தி புடுங்கினது போதாதா?"

வீட்டுக்குத் திரும்பி மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மாமியார் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பேசியபோது குரலில் வழக்கமான சூடு இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"நான் ஒண்ணு கேப்பேன். தப்பா நினைச்சாலும் பரவால்ல. நீ கொஞ்ச நாள் உன் பொண்ணு வீட்டுல போய் இரு. உன்னைப் பாக்கறப்பெல்லாம் அவனுக்கு அந்தப் பெட்டி ஞாபகந்தான் வருது. உன்மேல இருக்கற கோவத்துலதான் மாத்திரையைக் கொட்டறான், உன்மேல இருக்கற கோவத்துலதான் பத்த வைக்கப் போறான். நீ கண்ணுல படலன்னா தேறிடுவான். அவன் உசிருதான் முக்கியம்னு சொல்றவதானே நீ?"

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"சரி அத்தை. நான் போறேன். ஆனா மாத்திரையை அவரு முழுங்கற வரைக்கும் நீங்க பக்கத்துல நின்னு பாக்கணும். கால் வீக்கம் முழங்காலுக்கு ஏறினா காத்திருக்க வேணாம், வண்டி வச்சுக் கூட்டிட்டுப் போயிடுங்க. அப்புறம்… பெட்டி அடிச்சா அவரை விட்டுட்டு விலகி நிக்காதீங்க. தொடலாம். தொடறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"அடிக்கவும் வேணாம், தொடவும் வேணாம். போற நேரத்துல உன் வாயைக் கொஞ்சம் மூடிக்கிட்டுப் போ," என்றாள் மாமியார்.

மறுநாள் காலை அவர் கிளம்பிப் போனபின், இரண்டு புடவையைப் பையில் வைத்துக்கொண்டு அவளும் கிளம்பினாள். மாமியார் வாசல்வரை வரவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பட்டறையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போய்விடலாம் என்றுதான் தலையைக் குனிந்து நடந்தாள். கால் கேட்கவில்லை.

உள்ளே ஒரு ஆள் கிரைண்டர் பிடித்துக்கொண்டிருந்தான். கொழுந்தன் சாக்பீஸால் இரும்புத் தகட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அவர் கவிழ்த்துப் போட்ட டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தார், மாஸ்க் மடியில் கிடந்தது. முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. காலை நேரத்துக் குளிர்ச்சியிலும் நெற்றியில் வேர்வை முத்து முத்தாய் நின்றது.

அவளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த பையைப் பார்த்தார்.

"எங்க போறே?"

அவளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "பொண்ணு வீட்டுக்கு."

"யாரு போகச் சொன்னா?"

அவள் ஒரு கணம் யோசித்தாள். "யாரும் சொல்லல. நானாத்தான்."

அவர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் கை மார்புக்குப் போயிற்று. "என்னமோ… உள்ளுக்குள்ள படபடன்னு… விட்டு விட்டு…" மாஸ்க் மடியிலிருந்து உருண்டு தரையில் விழுந்தது. அவரும் சரிந்தார்.

விழுந்த உடம்பு ஒரு தரம் தூக்கிப் போட்டது, யாரோ உள்ளேயிருந்து உதைத்தாற்போல.

"கரண்ட் அடிச்சுடுச்சு! மெயினை ஆஃப் பண்ணு!" கொழுந்தன் கத்திக்கொண்டே சுவிட்சுக்கு ஓடினான். கிரைண்டர் பிடித்தவன் கருவியைப் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தான். அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு எலும்பில் ஊறிய பயம் அது. கரண்ட் பிடித்த ஆளைத் தொடக் கூடாது. "அண்ணி, கிட்டப் போகாதீங்க… தொடாதீங்க அண்ணி…"

அவள் பையைப் போட்டாள். ஓடிப்போய் மண்டியிட்டு அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்து, இரண்டு கையாலும் தோளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

மெயின் சுவிட்ச் விழுந்தது. விளக்கு அணைந்தது, விசிறி நின்றது, கிரைண்டரின் சத்தம் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. பட்டறையில் அவர் மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த அமைதியில், மின்சாரமே இல்லாத அந்தக் கூரைக்குக் கீழே, அவர் உடம்பு மறுபடியும் துள்ளிக் குதித்தது. அவள் உள்ளங்கையில் சுள்ளென்று எறும்பு கடித்தாற்போல் ஏறி இறங்கியது.

கொழுந்தன் சுவிட்சில் வைத்த கையை எடுக்கவே இல்லை. "அண்ணி… வெல்டிங் மெஷினை நான் இன்னும் ஆன் பண்ணவே இல்ல. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன்டான்னு அண்ணன் அப்பவே உக்காந்துட்டாரு… அப்புறம் எப்படி…"

"இது மெஷின் இல்ல தம்பி. இதயம். அது கெட்டுப் போகுது, பெட்டி திருப்பிக் கொண்டாருது. வண்டியை எடுங்க. சீக்கிரம்."

கேட் ஏற்றுகிற மினி லாரியில் அவரைக் கிடத்தினார்கள். அவள் பின்னாலேயே உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள். வழியில் பெட்டி இன்னொரு முறை அடித்தது. நினைவு வரும்போதெல்லாம் அவர் கண்ணைத் திறந்து அவளைத் தேடினார். திறக்கிற கண்ணுக்கும் மூடுகிற கண்ணுக்கும் நடுவில், "இருக்கேன்… பயப்படாதீங்க, பக்கத்துலதான் இருக்கேன்," என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் கேட்டாரா என்று அவளுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் அவரை எடுத்துப்போன அறையின் கதவு திறக்க மதியம் ஆயிற்று. டாக்டரம்மா வெளியே வந்தபோது மாமியாரும் வந்து சேர்ந்திருந்தாள்.

"நுரையீரல்ல நீர் கோத்திருக்கு. நீர் மாத்திரையைத் தாறுமாறா நிறுத்தியிருக்காரு, உடம்புல உப்புக் கணக்கு எல்லாம் குலைஞ்சு கிடக்கு. ஏற்கெனவே பலமில்லாத இதயம், அதுமேல இவ்வளவு பாரம் ஏறினா துடிப்பு தறிகெட்டுப் போகத்தான் செய்யும். ஒவ்வொரு தடவையும் பெட்டி இழுத்துப் பிடிச்சிருக்கு. மருந்து ஏத்தியிருக்கோம். இப்போதைக்கு அடங்கியிருக்கு."

"அந்தப் பெட்டி இல்லாம இருந்திருந்தா டாக்டர்?" என்று கொழுந்தன் கேட்டான்.

டாக்டரம்மா அவனையே பார்த்தாள். "இல்லாம இருந்திருந்தா, இவரை என்கிட்ட கொண்டு வந்திருக்க மாட்டீங்க."

மாமியார் நின்ற இடத்திலேயே மெல்ல மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். மருமகள் தூக்கப் போனாள். கிழவி அவள் இரண்டு கையையும் பற்றிக்கொண்டு விடவில்லை.

"எல்லாரும் எட்டி நின்னாங்களாமே… நீ மட்டும் பிடிச்சுட்டு இருந்தியாமே… உன்னைப் போகச் சொன்ன வாயிடி இது. நீ கிளம்பிப் போயிருந்தா, தொடாதீங்கன்னு நானும்தான் தள்ளி நின்னிருப்பேன். எம்புள்ளைய அப்படியே பாத்துட்டு நின்னிருப்பேன்…"

"அத்தை, எழுந்திருங்க."

"என்னைத் திட்டு. இத்தனை நாள் நான் பேசினதுக்கு ஒரு வார்த்தையாவது திரும்பப் பேசு."

அவளும் தரையில் உட்கார்ந்தாள். "நானும் அவரைக் கேக்காமத்தானே கையெழுத்துப் போட்டேன். தொழிலைப் பறிச்சிடாதன்னு கெஞ்சினாரு, சரின்னு தலையை ஆட்டிட்டுத்தான் போட்டேன். உங்க கோவம் முழுக்க அநியாயம்னு நான் ஒரு நாளும் நினைக்கல அத்தை…" என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. இத்தனை மாதமாய் அடக்கி வைத்திருந்தது எல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. மாமியார் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். போகிறவர்கள் வருகிறவர்கள் விலகி நடந்தார்கள்.

மாலையில் உள்ளே விட்டார்கள். அவர் பாதி உட்கார்ந்தவாக்கில் சாய்ந்திருந்தார். மூக்கில் காற்றுக் குழாய். வலுவெல்லாம் போய், ஒரே நாளில் பத்து வயது கூடியவர் போல இருந்தார்.

மாமியார்தான் முதலில் பேசினாள். "ராசா, அவ தானா போகலடா. நான்தான் போகச் சொன்னேன். என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு உன்கிட்ட மாத்திச் சொல்லியிருக்கா."

"விடுங்க அத்தை," என்றாள் அவள்.

அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. மனைவியையே பார்த்தார். மாமியார் புரிந்துகொண்டு, கதவைச் சாத்தாமல் வெளியே போனாள்.

"உனக்கு அடிக்கலையா?"

"லேசா சுள்ளுன்னுச்சு. அவ்வளவுதான்."

"எனக்குக் கடப்பாரையால இடிச்ச மாதிரி இருந்துச்சு." அவர் எச்சில் கூட்டி விழுங்கினார். "மறுபடியும் வருமா?"

வராது என்று சொல்லத்தான் அவளுக்கு ஆசை. "வரலாம். எப்பன்னு டாக்டரம்மாவுக்கே தெரியாது. மாத்திரை ஒழுங்காச் சாப்பிட்டா குறையும்னாங்க."

"எனக்குப் பயமா இருக்கு," என்றார் அவர். இருபத்தைந்து வருஷத்தில் அவர் வாயிலிருந்து அவள் கேட்டறியாத வார்த்தை. கண்ணோரத்தில் நீர் கோத்து நின்றது. "நீ பையோட நின்னே பாரு… அப்பவே எல்லாம் சொல்லிடணும்னுதான் வாயைத் திறந்தேன். முடியல. இவ்வளவு நாளும் உன்மேலதான் கோவம்னு நினைச்சேன். கையில வெல்டிங் ராடைப் பிடிச்சா மூச்சு வாங்குதே, அந்த ஆத்திரத்தை எங்க கொண்டு போய்க் கொட்டறது? நீ கிடைச்சே."

"கொட்டிட்டுப் போங்க. ஆனா பேசிக் கொட்டியிருக்கலாம்ல? ஒரே வீட்டுல… ஒரு வாய் டீ கூட என் கையால வாங்காம… நான் என்ன கல்லா?"

அவர் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். நெடுநேரம் இரண்டு பேரும் அழுதார்கள். நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

"கேளு," என்றார் அவர், மூச்சு சமனப்பட்ட பிறகு. "இனி ஒரு தடவை நான் நினைவில்லாம கிடந்தா, என்னைக் கேக்கணும்னு நீ காத்திருக்க வேணாம். உனக்குத் தோணறதைச் செய். கையெழுத்தைப் போட்டுடு."

அவள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

"மாட்டேன். இனிமே எல்லாத்தையும் உங்களை உக்கார வச்சுக் கேட்டுத்தான் செய்வேன். பட்டறைக்குப் போறது, போகாதது, இனி நெஞ்சுல எதை வைக்கறது, எதை எடுக்கறது… எல்லாத்தையும் இப்பவே, நினைவு இருக்கறப்பவே பேசிடணும். வேணாம்னு சொல்றதுன்னாலும் அம்மாகிட்ட சொல்லி அனுப்பக் கூடாது. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லணும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"சொல்றேன்," என்றார்.